தெற்குத் தீவுகளில் ஒரு வாரயிறுதி: மோட்டார் படகில் இரண்டு நாள்

சிங்கப்பூரில் குடியிருக்கும் நமக்குக் கடல் அன்றாடம் கண்ணில் படுகிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் காலாற நடக்கப் போனால் அடிவானம் நெடுகக் கப்பல்கள் நிற்பது தெரியும். அப்படியிருந்தும் படகேறி அந்த நீரில் இரண்டு நாள் சுற்றிவந்தவர்கள் நம்மவரில் குறைவு. செலவு கட்டுப்படியாகாது, நீச்சல் தெரியாது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று தயங்குகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொண்டால் செலவு தாங்கும். மற்ற இரண்டு தயக்கங்களையும் தீர்ப்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

செந்தோசா கோவ் மரினாவிலிருந்து புறப்பட்டு, சனிக்கிழமை தென்கிழக்கே லாசரஸ், செயின்ட் ஜான்ஸ், கூசு தீவுகள்; ஞாயிற்றுக்கிழமை தென்மேற்கே சிஸ்டர்ஸ் தீவுகள், புலாவ் ஹந்து. இதுதான் பாதை. போய்வரும் தூரம் பெரிதில்லை. ஆனால் உலகத்திலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று இந்தத் தீவுகளை ஒட்டியே போகிறது. இங்கே எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்பதை ஓதமும் வானமும் பெரிய கப்பல்களும்தான் முடிவு செய்யும். அந்த மூன்றுக்கும் இடம் விட்டுத் திட்டம் போட்டவர்களுக்கு இந்தக் கடல் நல்ல நாளைத் தரும்.

படகும் கேப்டனும்

இயந்திரம் பொருத்திய உல்லாசப் படகைச் சிங்கப்பூர்த் துறைமுக எல்லைக்குள் ஓட்ட உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தேறினால் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் கிடைக்கும். உங்களில் ஒருவரிடம் அது இருந்தாலும், முதல் பயணத்துக்குக் கேப்டனோடு சேர்த்தே படகை வாடகைக்கு எடுங்கள். தெற்குத் தீவுகளின் திட்டுகளையும் நீரோட்டங்களையும் வரைபடத்தில் மட்டும் பார்த்தவருக்கும், அங்கேயே ஓட்டிப் பழகியவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். படகின் உரிமத்தில் எத்தனை பேருக்கு அனுமதி? பிள்ளைகளின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கிகள் எத்தனை இருக்கின்றன? வானிலை கெட்டால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா? எரிபொருள் வாடகையில் அடக்கமா? முதல் இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தப் படகு வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு அனுமதி என்றால் கைக்குழந்தையையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர்தான்.

நாள் பார்ப்பது

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். டிசம்பர், ஜனவரியில் நாள் கணக்கில் மழை பிடித்துக்கொள்வதுண்டு. பிப்ரவரி, மார்ச் பெரும்பாலும் வெயிலாக இருந்தாலும் வடகிழக்குக் காற்று பலமாக வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணத்துக்குத் தோதான நாள்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்றை அப்போதும் கவனிக்க வேண்டும். நீளமான கருமேக வரிசையாக மேற்கிலிருந்து அது வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் அடித்து ஓயும். காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வீசும். சில வேளைகளில் 80 வரையும் போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வானம் வெளுத்துவிடும் என்பதால் மரினாவிலேயே காத்திருந்தால் நாள் வீணாகாது. காலை எழுந்ததும் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். சுமத்ரா பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை தெரிந்தால் கிளம்பும் நேரத்தைத் தள்ளிவையுங்கள்.

அடுத்தது ஓதம். இங்கே பெரும்பாலும் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட உயரம் மிக அதிகம். ஏற்றம் ஒரே சீராக நடப்பதில்லை. ஆறு மணி நேரத்தில் 2.4 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் ஏறும். இரண்டாம் மணியில் 40. மூன்றாம், நான்காம் மணிகளில் 60, 60. பிறகு 40, கடைசியில் 20. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. இது தோராயமான கணக்கு. ஆனாலும், திட்டுக்கு மேலே படகு நிறுத்தியிருப்பவர் எப்போது அசட்டையாக இருக்கலாம், எப்போது கூடாது என்பதை இது சொல்லிவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் நீரிணையில் நீர்மட்டம் அடங்கும் நேரமும் நீரோட்டம் ஓயும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணிப்பு பார்க்க வேண்டும். ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை நூலில் நீரோட்டக் கணிப்பும் இருக்கிறது. 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்தில் போகும் படகு, 2 நாட் நீரோட்டத்தை எதிர்த்து 6 கடல்மைல் போக ஒரு மணி நேரம் ஆகும். அதே நீரோட்டம் பின்னால் இருந்து தள்ளினால் 36 நிமிடம் போதும். எரிபொருளுக்கும் இதே கணக்குதான். ஆகவே எரிபொருளை மூன்று பங்காக்குங்கள்: போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. அந்த மூன்றாவது பங்கில் கை வைக்காமல் கரை சேருங்கள்.

கயிறு அவிழ்ப்பதற்கு முன்

படகு மரினாவில் கட்டியிருக்கும்போதே எல்லாரையும் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கேப்டனிடம் கேளுங்கள். தீயணைப்பான் எங்கே, மிதவை வளையம் எங்கே, வானொலிக் கருவியை எப்படி இயக்குவது, கேப்டனுக்கே உடம்பு முடியாமல் போனால் இயந்திரத்தை எப்படி நிறுத்துவது. இந்த நான்கையும் பெரியவர்களில் இருவராவது தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்குக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி மட்டும் காதுவரை ஏறி, பிள்ளை உள்ளே நழுவினால் அளவு பெரிது. கவட்டைப் பட்டை இருந்தால் அதையும் கட்டுங்கள். நீச்சல் தெரியாத பெரியவர்களும் படகு ஓடும் நேரம் முழுவதும் அங்கியைக் கழற்ற வேண்டாம்.

குமட்டல் வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. படகின் நடுப்பகுதியில் வெளியே உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்கு வரவே வராது.

கைப்பேசியைப் பற்றி இன்னொன்று. தெற்குத் தீவுகளில் இந்தோனேசிய அலைவரிசை அடிக்கடி தானாகவே பற்றிக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டு ஏறுங்கள். அவசர உதவிக்குக் கைப்பேசியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். படகின் விஎச்எஃப் வானொலி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

பெரிய கப்பல்களுக்கு நடுவே

12 நாட் வேகத்தில் வரும் ஒரு சரக்குக் கப்பல் நிமிடத்துக்குச் சுமார் 370 மீட்டர் கடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி அசையாமல் நிற்பதுபோல் தெரியும் கப்பல், ஆறு நிமிடத்துக்குள் உங்கள் இடத்துக்கு வந்துவிடும். அது நினைத்த மாத்திரத்தில் நிற்காது. கொள்கலன்கள் அடுக்கிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால், முன்னால் பல நூறு மீட்டர் வரை கடல்பரப்பு மறைந்திருக்கலாம். பன்னாட்டு விதியே 500 மீட்டர் வரையான மறைவை அனுமதிக்கிறது. அந்தப் பரப்பில் இருக்கும் சிறு படகை மாலுமி பார்க்கவே மாட்டார்.

கடல் விதிகளும் இதைக் கருதியே எழுதப்பட்டவை. 20 மீட்டருக்குக் குறைந்த படகு, குறுகிய கால்வாயிலோ கப்பல் தடத்திலோ போகும் பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. தடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காக, சட்டென்று கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் ஆபத்தான இடத்தில் கூடுதல் நேரம் இருப்போம். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், உங்கள் நோக்கம் புரியவில்லை என்று அந்தக் கப்பல் எச்சரிப்பதாகப் பொருள். உடனே சுற்றிலும் பாருங்கள்.

மோதும் ஆபத்தைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் தலையை அசைக்காமல், படகின் கம்பி ஒன்றுக்கு நேரே கப்பல் தெரியும்படி உட்காருங்கள். படகு அதே திசையில், அதே வேகத்தில் போகட்டும். ஒரு நிமிடம் கழித்துக் கப்பல் கம்பிக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருந்தால் இருவரும் விலகிப் போகக்கூடும். அதே கம்பிக்கு நேராகவே நின்று, பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தால் மோதல் பாதையில் இருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்து, அதன் பின்புறமாகக் கடந்து செல்லுங்கள். கடந்தபின் அதன் அலை வரும். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், முன்முனையைச் சற்றுச் சாய்வாகக் காட்டி மெதுவாக ஏறி இறங்க வேண்டும். "அலை வருது, பிடிச்சுக்கோங்க" என்று ஒருவர் குரல் கொடுத்துவிட்டால் யாரும் விழமாட்டார்கள்.

சனிக்கிழமை: லாசரஸ், செயின்ட் ஜான்ஸ், கூசு

மரினாவிலிருந்து லாசரஸ் தீவின் பிறை வடிவக் கடற்கரைக்குச் சாதாரண வேகத்தில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். செரிங்காட் தீவையும் லாசரஸையும் நிலமீட்பால் இணைத்ததில் கிடைத்த கரை இது. உள்பக்கம் தண்ணீர் அமைதியாக இருப்பதால் பிள்ளைகள் குளிக்க ஏற்றது. வாரயிறுதிகளில் உல்லாசப் படகுகள் இங்கே நிறையவே சேரும். காலை ஒன்பதுக்கு முன் வந்தால் நல்ல இடம் கிடைக்கும்.

நங்கூரம் போடுவதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கேப்டன் முதலில் அடிநிலத்தைப் பார்ப்பார். மணல் வெளிறித் தெரியும். பவளமும் கடல்புல்லும் கருத்துத் தெரியும். கருத்த இடத்தில் போடவே கூடாது. பிறகு ஆழக் கணக்கு. இப்போது ஆழம் 4 மீட்டர். ஓதம் இன்னும் 2 மீட்டர் ஏறும். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம். கூட்டினால் 7. சங்கிலி என்றால் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும். பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு. குறைத்து விட்டால் நீர் ஏறும்போது நங்கூரம் செங்குத்தாக இழுபட்டுப் பெயர்ந்துவிடும். போட்டு முடித்தபின் கரையிலுள்ள ஒரு மரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு தூணையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றும் நீரோட்டமும் மாறாத வரை, சற்று நேரம் கழித்து அந்தக் கோடு விலகியிருந்தால் நங்கூரம் நகர்கிறது என்று பொருள்.

இயந்திரம் நின்று, சாவி கேப்டன் கைக்கு வந்தபின்தான் யாரும் நீரில் இறங்கலாம். இயந்திரம் ஓடும்போது படகின் பின்பக்க ஏணியில் உட்காரக்கூடாது. உந்துசுழலி ஒரு ஆபத்து, அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத இன்னொரு ஆபத்து.

வெயில் தாழ்ந்ததும் லாசரஸிலிருந்து பாலத்தைக் கடந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு நடந்து போங்கள். இந்தத் தீவை நம்மவர்கள் பார்க்காமல் போகக்கூடாது. 1874இல் இங்கே நோய்த்தடுப்புத் தனிமை நிலையம் தொடங்கப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலின் மேல்தளப் பயணிகளாக வந்த எத்தனையோ தமிழர்கள், சிங்கப்பூர் மண்ணை மிதிப்பதற்கு முன் இங்கே தங்கவைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் அரசியல் கைதிகளையும் பிரிட்டிஷார் இங்கே அடைத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1951இல் கைதாகி இங்கே இருந்தவர். உங்கள் தாத்தாவோ பாட்டியோ கப்பலில் வந்தவர் என்றால், பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூசு தீவு அருகிலேயே இருக்கிறது. 1923இல் கட்டிய துவா பெக் கோங் சீனக் கோயிலும், குன்றின் மேல் 152 படிகள் ஏறினால் கெராமாட் எனப்படும் மலாய்ப் புனிதத் தலங்களும் உள்ளன. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் முழுக்கப் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். படகுத்துறையும் நெருக்கடியாக இருக்கும். பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடலாம்.

முதல் தடவை போகிறவர்கள் இருட்டுவதற்குள் மரினாவுக்குத் திரும்பிவிடுங்கள். இந்த நீரில் இரவில் கப்பல் விளக்குகளும் கரை விளக்குகளும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அதைப் பிரித்தறியத் தனிப் பயிற்சி வேண்டும். மரினாவில் கட்டிய படகில் தூங்க அனுமதி கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: சிஸ்டர்ஸ், ஹந்து

சிஸ்டர்ஸ் தீவுகளை மையமாக வைத்துச் சிங்கப்பூரின் முதல் கடல்சார் பூங்கா 2014இல் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கடலில் மட்டும் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன. இவ்வளவு கப்பல்களுக்கு நடுவே அவை பிழைத்திருப்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். அலுங்கு ஆமைகளும் இந்த நீரில் உண்டு. இங்கே மீன் பிடிப்பது, சிப்பி பொறுக்குவது, பவளத்தைத் தொடுவது எதுவும் கூடாது. படகை எங்கே நிறுத்தலாம் என்பதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட கால்வாயில் நீரோட்டம் கடுமை. நன்றாக நீந்துகிறவர்களும் அங்கே இறங்க வேண்டாம்.

ஹந்துவுக்குப் போகும் வழியில் கப்பல் தடங்களைக் கடக்க வேண்டும். நீரோட்டமும் மேற்கே ஓடும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். ஹந்துவில் பெரியது, சிறியது என்று இரண்டு திட்டுத் தீவுகள். நன்றாக வற்றிய நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரில் நடந்தே போகலாம். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வந்து, நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும். கெட்டி அடிச் செருப்பு கட்டாயம். கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும். அதன் முள் குத்தினால் வலி தாங்க முடியாது. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எதிரே புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதன் கரையை நெருங்கக்கூடாது. தெற்கே சூடோங், செனாங், பாவாய் தீவுகள் ராணுவத்தின் சுடுபயிற்சிப் பகுதி. அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் தெரியும். 1855 முதல் எரியும் விளக்கு அது. புலாவ் உபினில் அதற்கான கருங்கல்லை உடைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அந்தத் தீவுக்குப் பொதுமக்கள் போக அனுமதியில்லை. தூரத்திலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சாப்பாடும் குப்பையும்

ஆடும் படகில் குழம்பும் ரசமும் சரிவராது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்திச் சுருள் ஆகியவை வெயிலையும் தாங்கும், கையாலும் சாப்பிடலாம். தயிர்சாதத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர்.

குப்பையை ஒன்றுவிடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஹந்துவிலிருந்து பார்த்தால் தெரியும் செமக்காவ் தீவுதான் சிங்கப்பூரின் ஒரே குப்பைக் கிடங்கு. 1999இலிருந்து நம் வீட்டுக் குப்பையின் சாம்பல் கடலுக்குள் கரை கட்டி அங்கேதான் கொட்டப்படுகிறது. இடம் எல்லையற்றதல்ல. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கடலில் போட யாருக்கும் மனம் வராது.

ஆபத்து வந்தால்

சூறைக்காற்று: மேற்கே வானம் கறுத்து, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் அங்கிகளை மாட்டி, நீரில் இருப்பவர்களை உடனே ஏற்றி, பொருள்களைக் கட்டிப்போடுங்கள். மின்னல் இருக்கும்போது உலோகக் கம்பிகளைப் பிடிக்காமல் உள்ளே உட்காருங்கள்.

ஆள் நீரில் விழுந்தால்: பார்த்தவர் உரக்கக் கத்தி, விழுந்தவரை நோக்கிக் கை நீட்டியபடியே இருக்க வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது, கண்ணையும் எடுக்கக்கூடாது. இன்னொருவர் மிதவை வளையத்தை வீசட்டும். கேப்டன் மெதுவாக நெருங்கி, ஆளைத் தூக்கும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துவார். காப்பாற்ற இன்னொருவர் குதித்தால் மீட்க வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள்.

இயந்திரம் நின்றால்: முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், கப்பல் தடத்துக்குள் மிதந்து போவதை அது தடுக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்பதைச் சொல்லுங்கள். இந்த வரிசையை ஓர் அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், பதற்றத்திலும் யாராலும் படித்துச் சொல்ல முடியும்.

திரும்பும் நேரம்

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை எழுதிவைத்து, கரையில் இருக்கும் ஒருவரிடம் பாதையையும் அந்த நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தும் தகவல் இல்லையென்றால் அவர் மரினாவுக்கு அழைக்க வேண்டும். தண்ணீரில் நேரம் போவதே தெரியாது. இன்னும் அரை மணி நேரம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் நீரோட்டம் எதிராகத் திரும்பும், இருட்டும் நெருங்கும். ஆகவே திரும்பும் முடிவைக் கேப்டனிடம் விட்டுவிடுங்கள். அவர் போகலாம் என்றதும் ஈரத்துணியோடு ஏறிவிடுங்கள். ஹந்துவைப் பார்க்காமல் திரும்ப நேர்ந்தாலும் குறையில்லை. அடுத்த நல்ல ஓதம் எப்போது என்று அட்டவணையில் அன்று மாலையே பார்த்துக் குறித்துவையுங்கள்.